சொல்லிக்காமல் வந்தவளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஒரு ஜெராக்ஸ் தாளில் தொடங்கியது.

பழனிசெட்டிபட்டியில் நான் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நர்ஸ் வேலைக்கும் முதியோர் இல்ல வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள்தான் என் மாணவர்கள். அவர்களுக்காக வருத்தத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் அடுக்கினேன். சேட், அப்செட், சாரோ, கிரீஃப், மெலன்கலி. எது கூட, எது குறைச்சல், எதை எங்கே சொன்னால் சிரிப்பார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. (என் வீட்டுக்காரர் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். அது இங்கே வேண்டாம்.)

அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்த சனிக்கிழமை மத்தியானம் சுருளியாண்டி வந்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் மனைவி மாரீஸ்வரி என்னிடம் பதினோரு மாதம் படித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

"டீச்சர், அவளுக்கு ஒரு கடுதாசி எழுதணும், இங்கிலீசுல. திங்கக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா வேலை போயிருமாம். வேலை போனா விசாவும் போச்சாம்" என்றார்.

2

இனி கதையைத் தொடங்க வேண்டும். தொடங்கிப் பார்த்தேன்.

லண்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மாரீஸ்வரி—

(அவள் லண்டனில் இல்லை. பனி கொட்டி நான் பார்த்ததும் இல்லை. குமுளியைத் தாண்டி எங்கே போனேன் நான்?)

டோரத்தியம்மாவின் வெள்ளை முடியைச் சீவிவிடும்போதெல்லாம் மாரீஸ்வரிக்குத் தன் தாயின்—

(அடச்சே. அவள் தாய் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறாள்.)

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். மாரீஸ்வரியின் இல்லத்தில் இருந்த டோரத்தியம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. ஒன்பது மாதம் மாரீஸ்வரிதான் அவரைக் குளிப்பாட்டினாள், தலை சீவினாள், சாப்பாடு ஊட்டினாள். ஒரு காலையில் அவர் இறந்துபோனார். மகள் வந்தார். மாரீஸ்வரி போய் அந்த மகளின் இரண்டு கைகளையும் தொட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

எங்கள் பக்கம் கேதம்* கேட்கப் போனால் இப்படித்தான். கையைத் தொட வேண்டும், உட்கார வேண்டும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சாவு வீட்டுக்குத் திரும்ப வருகிறேன் என்று எவராவது சொல்வார்களா? சொல்லிக்காமல் எழுந்து போவதுதான் மரியாதை.

அந்த மகளுக்கு அது எப்படித் தெரியும்? புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். என் அம்மா உயிராய் நினைத்த பெண், எனக்கு ஒரு ஆறுதல் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அவளுக்குக் கொஞ்சமாவது வருத்தம் இருந்ததா? நிர்வாகம் அந்தக் கேள்வியை அப்படியே மாரீஸ்வரியிடம் தள்ளிவிட்டது. என்ன உணர்ந்தாய், எழுதிக் கொடு.

* கேதம்: சாவு விழுந்த வீட்டின் துக்கம். திண்டுக்கல்லுக்கு வடக்கே இருக்கும் வாசகர்களுக்காக.

3

எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மை. என் தாளுக்கு வேலை வந்துவிட்டதே!

"சேட்னு போடலாம்" என்றேன்.

"அப்படின்னா?"

"வருத்தம். டீ கொட்டிப்போனாலும் சொல்லலாம்."

"அது பத்தாது டீச்சர். அவ ரெண்டு நாளாச் சாப்பிடல."

"அப்செட்?"

"அதை எங்க சொசைட்டி செக்ரட்டரியே தினம் சொல்லுவாரு. வேண்டாம்."

மெலன்கலியை விளக்கத் திணறினேன். காரணமே இல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது மேலே வந்து கவியுமே, அது. சுருளியாண்டி கொஞ்சம் யோசித்தார். "கவாத்து வெட்டுன மறுநாள் தோட்டத்துக்குள்ள போனா எனக்கு வரும். எல்லாக் கொடியும் மொட்டையா நிக்கும். நல்லதுக்குத்தான் வெட்டுனோம், அடுத்த காய்ப்பு வரும். இருந்தாலும் ஒரு மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான், அகராதிக்காரர்கள் இவரிடம் வந்து கேட்டிருக்கலாம்.

"அப்ப கிரீஃப்" என்றேன். "செத்தவங்களுக்காக நெஞ்சு வலிக்கிறது. இதுக்கு மேல சொல் கிடையாது."

"அது பெத்த மகளுக்குள்ளது டீச்சர். அதை இவ எடுத்துக்கிட்டா அந்தம்மா என்ன நெனைப்பாக?"

நான் தாளை மடித்து வைத்தேன்.

(இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். நிஜ சுருளியாண்டி இவ்வளவு பேசினாரா? கவாத்து அவர் சொன்னதுதான், சத்தியமாக. கடைசிப் பதிலை நான் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.)

4

இதுவரை ஒன்றை மறைத்துவிட்டேன். மாரீஸ்வரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் இல்லை. 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்' என்பதற்கான ஆங்கில வாக்கியத்தை நானே இருபது தடவை சொல்ல வைத்து, பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். பிறகு ஏன் சொல்லவில்லை? போனைப் போட்டுக் கேட்டேன், கோபமாகவே.

"வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர்" என்றாள். "பரீச்சைக்குப் படிச்சதை அங்கன சொன்னா, பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் சும்மா உக்காந்துட்டேன். நான் பண்ணுனது தப்பா டீச்சர்?"

அப்போது அவள் அழுதாள். பத்துக்குப் பத்து போட்ட நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

5

கடைசியில் எழுதியது இது. தமிழில் தருகிறேன்.

'ஒன்பது மாதம் உங்கள் அம்மாவுக்குத் தலை சீவினேன். இடப்பக்க வகிடுதான் அவருக்குப் பிடிக்கும். என் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால் கையைத் தொட்டுவிட்டு உட்காருவோம். பேச மாட்டோம். கிளம்பும்போது விடைபெற மாட்டோம். நாம் இருவரும் ஒரே ஊராக இருந்திருந்தால் நான் செய்தது உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் உணர்ந்தது—'

அதற்கு மேல் நான் ஒரு கோடு போட்டு வைத்தேன், மாரீஸ்வரி ஒரு சொல்லை நிரப்பிக்கொள்ளட்டும் என்று. அவள் நிரப்பவில்லை. கோட்டோடு அப்படியே கொடுத்துவிட்டாள்.

6

இப்போது முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

அ) மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். (சினிமா.)

ஆ) மாரீஸ்வரி மதுரை ஏர்போர்ட்டில் இறங்குகிறாள், சுருளியாண்டி பெட்டியை வாங்கிக்கொள்கிறார்— (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.)

புதன்கிழமை சுருளியாண்டி போன் பண்ணினார். குரலில் அவசரம்.

"டீச்சர், அந்தம்மா நேர்ல வந்தாகளாம். கடுதாசியை வாங்கிப் படிச்சாகளாம். மாரீஸ்வரிக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாகளாம். அப்புறம் ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாகளாம். மேனேஜரும் ஒண்ணும் சொல்லல. நம்ம முறையில போனாகளா, கோவத்துல போனாகளா டீச்சர்?"

"கையைத் தொட்டாங்களா?" என்றேன்.

"அதைக் கேக்க விட்டுப்போச்சே" என்றார். "இப்பப் போட்டா எடுக்க மாட்டேங்குறா."

அவர் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொட்டாரா, தொடவில்லையா என்பதை, இவ்வளவு நேரம் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எழுந்துகொள்கிறேன். சொல்லிக்கொள்ளவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள்.