இறால் லொறியை மறித்தவள்

ஏறாவூரில் வாவிக்கரையோரம் றம்ஸீனின் இறால் பண்ணை வந்த பிறகு, நிஸ்றாவின் வலையில் செத்த மீன்தான் அதிகம் ஏறியது. பண்ணையின் கழிவுநீர் ஒரு குழாய் வழியாக நேரே வாவிக்குள் விழுந்தது. மீனவர் சங்கம் இரண்டு வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் கூட்டத்தில் நிஸ்றா பேச எழுந்தபோது, றம்ஸீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப்போட்டான். வந்திருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குள்ளேயே கிடந்தது.

இறால் பிடிக்கிற நாள் எப்போது என்று விசாரித்து வைத்தாள். அன்று காலை லொறி வெளிக்கிட்டபோது, பண்ணை ஒழுங்கையில் பதினொரு தோணிகள் குறுக்கே கிடந்தன. அவற்றுக்குள் அழுகிய மீன். முன்னால் நிஸ்றாவும் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். பொலிஸ் வந்து சொல்லியும் ஒருவரும் எழும்பவில்லை.

வெயில் ஏற ஏற, லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது. ஒரு மணிக்கு றம்ஸீன் தானே இறங்கி வந்து, நிஸ்றாவை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான்.

"ராத்தா, குழாய இப்பவே அடைக்கன். எழுதியும் தாறன். லொறிய விடுங்க."

எழுதிக் கொடுத்தான். ஆட்கள் போய்க் குழாயையும் அடைத்தார்கள். சங்கத் தலைவர் முத்தலிப் தன் தோணியில் கை வைத்தார்.

"கேட்டது கிடைச்சிட்டு. எடுப்பம்."

"எனக்கு இன்னும் கிடைக்கல்ல, முத்தலிப் காக்கா."

மற்றவர்கள் தோணிகளை இழுத்துப் போனார்கள். நிஸ்றா லொறிச் சில்லுக்கு முன்னால் படுத்துக்கொண்டாள். பெண் பொலிஸ் வந்து தூக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. இறால் நாறத் தொடங்கியிருந்தது. றம்ஸீன் நிலத்தில் குந்தி அழுதான். ஜீப்புக்குள்ளிருந்து அவள் அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

நட்டம் தாங்காமல் றம்ஸீன் அடுத்த மாதம் பண்ணையை மூடினான். அங்கே இறால் உரித்த இருபது பெண்களுக்கு வேலை போனது. அவர்களில் ஒருத்தி நிஸ்றாவின் மூத்த சகோதரி சபீனா.

"குழாய் அடைபட்டதுக்குப் பொறகும் ஏன்டி படுத்துக் கிடந்தாய்?" என்று வாசலில் நின்றே கேட்டாள் சபீனா.

"அதுவரைக்கும் கிடந்தது வாவிக்கு. பொறகு கிடந்தது எனக்கு."

சபீனா உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

வாவியில் மீன் மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. நிஸ்றாமீது மட்டக்களப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. போன தவணையில் றம்ஸீன் சாட்சி சொல்ல வந்திருந்தான், இளைத்துப்போய். அவன் தலையைக் குனியும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.