காயாத மெத்தை

கேப்டன் பந்தெலிஸ் முப்பது வருஷத்துக்கு மேல் சொட்டச் சொட்ட நனைந்தபடியே வாழ்ந்தான். ஆகஸ்ட் வெயிலில் பாறை வெடித்தாலும் அவன் சட்டை காயாது. அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உப்புப் பூத்திருக்கும், துறைமுகத்துப் பூனைகள் அவன் பின்னாலேயே போகும். வெளியூர் டாக்டர்கள் அதைத் தோல் வியாதி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். ஆர்கிலோஸ் தீவுக்காரர்களான எங்களுக்கு அது வியாதி இல்லை என்று தெரியும். அவன் பெண்டாட்டி கல்லியோபி ஒரு மத்தியானம் சுற்றுலாப் படகில் மைக்கைப் பிடித்துச் சொன்ன பொய்தான் அப்படிச் சொட்டிக்கொண்டிருந்தது. தர்ப்பூசணி விலை இரண்டு மடங்கானதும் அதே கோடையில்தான். காப்பிக்கடையில் நாங்கள் தர்ப்பூசணியைப் பற்றித்தான் அதிகம் புலம்பினோம்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஓட்டிய படகு அது, பெயர் புனித மரீனா. காலையில் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, நீலக் குகையைக் காட்டி, ஒரு குடாவில் நீந்தவிட்டு, இன்னொரு குடாவில் மீன் சுட்டுப்போட்டு, கறுப்பு முனையைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பும். பந்தெலிஸ் சுக்கான் பிடிப்பான், கல்லியோபி மைக்கில் பேசுவாள். அவள் இங்கிலீஷை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்துபோகும் உறவுக்காரர்களிடம் கற்றவள். இலக்கணம் ஓட்டை, ஆனால் கேட்கிறவர்களின் கண்ணில் தண்ணீர் வரவைப்பாள். கறுப்பு முனையின் பாறைமேல் ஒரு கம்பமும், கம்பத்தின்மேல் கண்ணாடிக் கதவு வைத்த சின்னத் தகரக் கோயிலும் உண்டு. உள்ளே எண்ணெய் விளக்கும் புனித நிக்கோலாஸின் படமும் இருக்கும். கல்யாணமான புதிதில் தெற்குக் காற்றில் படகு கவிழ்ந்து, அந்தப் பாறையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பிய பந்தெலிஸ் நேர்ந்துகொண்டு வைத்தது அது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஒருவன் செத்த இடத்திலும் பெட்டிக்கோயில் வைப்போம், ஒருவன் சாகாமல் தப்பிய இடத்திலும் வைப்போம். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

படகில் வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், யார் செத்தது என்று கேட்பார்கள். யாரும் சாகவில்லை, தப்பித்துவிட்டார் என்று கல்லியோபி சொன்னால் முகம் தொங்கிப்போகும். அவள் இதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கோடையில் ஒருநாள் கடல் கொந்தளித்து, குகைக்குள் போக முடியாமல், பாதிப் பேர் வாந்தி எடுத்து, மீதிப் பேர் ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரி அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு எதையாவது கொடுத்தனுப்ப வேண்டுமே என்ற தவிப்பில் அவள் மைக்கை எடுத்து, ஆமாம், இங்கே ஒரு கேப்டன் மூழ்கிப்போனார், சின்ன வயசு, புதுசாகக் கல்யாணமானவர் என்று சொல்லிவிட்டாள். பெயர் என்ன என்று டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி கேட்டாள். அந்த நேரத்தில் கல்லியோபியின் வாயில் வந்த ஒரே கேப்டன் பெயர், எதிரில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தவனுடையதுதான். படகே அழுதது. இங்கிலீஷ் தெரியாத பந்தெலிஸ், தன் பெயரைக் கேட்டதும் தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் ஆட்டினான்.

அன்று சாயங்காலம் அவன் கழற்றிப்போட்ட சட்டை மறுநாள் காலைவரை காயவில்லை. அடுத்த வாரம் அவன் நடந்த இடமெல்லாம் ஈரக் காலடி. கல்லியோபி மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டுக் காயப்போட்டு அலுத்தாள், ஆனால் காரணம் தெரியாமல் தினமும் அதே கதையை மைக்கில் சொன்னாள். கதைக்கு அவ்வளவு மவுசு. பிறகு அந்த டென்மார்க் பெண்மணி இன்னொரு முறை படகேறி வந்து, கறுப்பு முனையில் சிவப்பு நூலால் கட்டிய ஒரு காகிதப்பூக் கொத்தைக் கடலில் போட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் வீடு திரும்பியபோது அந்தக் கொத்து, அதே சிவப்பு நூலோடு, பந்தெலிஸின் தலையணைமேல் கிடந்தது. கல்லியோபிக்கு அப்போதுதான் காரணம் விளங்கியது. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"ஏண்டி, கொல்றதுக்கு இந்த ஊர்ல வேற கேப்டனே கிடைக்கலியா உனக்கு? சோதிரிஸ் பேரச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று பந்தெலிஸ் சிரித்தான். சிரிப்போடு ஒரு வாய்க் கடல்தண்ணீரும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்றோடு அவள் கதையை நிறுத்தினாள். அவன் கொஞ்சம் காய்ந்தான், காதோரத்து மயிர் பறக்கக்கூடச் செய்தது. அவளுக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் படகு கட்டிக்கிடந்த நாளில், கோயிலில் திருவுருவப் படத்தை முத்தமிடக் குனிந்தவனின் சட்டைக் கையிலிருந்து ஒரு சின்ன மீன் துள்ளி விழுந்தது. கல்லியோபி அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே சோதிரிஸின் படகுக்குப் போனாள். சோதிரிஸ் இவர்கள் கல்யாணத்தில் இருவர் தலையிலும் மணமுடியை மாற்றிவைத்த கும்பாரோஸ். எங்கள் ஊரில் அது கூடப்பிறந்ததற்கு ஒரு படி மேல், சண்டைபோடவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. அவன் படகிலும் அதே கதை ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, உடல் கிடைக்கவே இல்லை என்று அவன் ஒரு வரியைச் சேர்த்திருந்தான். சில நாளாக பந்தெலிஸ் எதிரிலேயே நிற்க, நாங்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"கும்பாரா, உன் தலைமேல சத்தியமா இன்னியோட நிறுத்திடறேன்," என்றான் சோதிரிஸ். "ஆனா நான் நிறுத்தி என்ன? டிக்கெட் வாங்கறப்பவே, செத்த கேப்டன் எடம் வருமான்னுதான் கேக்கறாங்க. பக்கத்துத் தீவுப் படகுக்காரன் அவன் கண்ண மீன் தின்னுடுச்சுன்னு சொல்றானாம்."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. ஓட்டமாக வீட்டுக்கு வந்து பார்த்தால், பந்தெலிஸ் மேஜையில் ரொட்டியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான். கண்ணுக்குள் பச்சைத் தண்ணீர் கட்டியிருந்தது.

பிறகு வந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிட்டதாக எங்களுக்கு நினைவில்லை. காலையில் துறைமுகத்தில் எந்தெந்தப் படகு கிளம்புகிறது என்று பார்ப்பாள், மத்தியானம் படகுகள் முனையைத் தாண்டும் நேரத்தில் புருஷனின் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே அலை அடிக்கும். கம்பத்தைப் பிடுங்கிவிடலாம் என்றாள். அது புனித நிக்கோலாஸுக்குக் கொடுத்த வாக்கு, செத்தாலும் பிடுங்கமாட்டேன் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். பாதிரியார் யெராசிமோஸ் வந்து பார்த்துத் தாடியைச் சொறிந்தார்.

"செத்தவனுக்கு ஜெபம் பண்ணத் தெரியும். உயிரோட இருக்கறவனுக்கும் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவனுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார். ஆனாலும் வந்ததற்குத் துளசிக் கொத்தைத் தோய்த்துத் தீர்த்தம் தெளித்தார். ஏற்கெனவே தொப்பலாக இருந்தவன்மேல் அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

கடைசியில் அவள் உண்மையையே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மூழ்கவில்லை, பிழைத்தார், இதோ நிற்கிறாரே என்று சுக்கான் பக்கம் கையைக் காட்டினாள். ஜனங்கள் கொட்டாவி விட்டுவிட்டு, தளத்தில் நறுக்கிவைத்திருந்த தர்ப்பூசணிப் பக்கம் போனார்கள். அந்த உண்மையை ஒருவரும் வாயில் போட்டுக்கொண்டு கரைக்குப் போகவில்லை, அவன் மார்பிலும் அலை குறையவில்லை. பொய்யைவிட உண்மை எடை கூடின சரக்கு, யாரும் தூக்கமாட்டார்கள் என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள்.

மாதா திருநாளுக்கு அடுத்த நாள் படகு நிறையக் கூட்டம். வடகாற்று பிய்த்துக்கொண்டு போனது. வேறு ஆளை அழைத்துக்கொள்ளலாம் என்று அவள் கெஞ்சியும் பந்தெலிஸ் கேட்கவில்லை, கண் தெரியாவிட்டால் என்ன, இந்தக் கடலைக் கை தெரிந்துவைத்திருக்கிறது என்று சுக்கானைப் பிடித்தான். கறுப்பு முனை தெரிந்ததுமே முன்வரிசையில் ஒருவர், செத்த கேப்டன் இடம் இதுதானே என்றார். கல்லியோபி திரும்பிப் பார்த்தாள். பந்தெலிஸின் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அது தளத்தில் வழிந்து, பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, மூழ்கிட்டாரு," என்றாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. "ஆனா அவரு பெண்டாட்டி இருக்காளே, பொல்லாதவ. அன்னிக்கு அவ அரிசி அடைச்ச தக்காளி பண்ணி வச்சிருந்தா. பொழுது சாயுது, ஆளக் காணோம். இந்தப் பாறைமேல வந்து நின்னுகிட்டுக் கடலப் பாத்துக் கத்தினா. சோறு ஆறுது, அனுப்பு! உன்கிட்ட எனக்கென்ன பேச்சு, என் புருஷன அனுப்புன்னா. கடல் பயந்துபோச்சு. அன்னியிலருந்து பகலெல்லாம் அது வச்சிக்கும், தெனம் சாயங்காலம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிடும். அவரும் நனைஞ்சபடியே வந்து உக்காந்து சாப்புடுவாரு."

யாரும் அழவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு ஜெர்மன் கிழவி கையைத் தூக்கி, தினமும் தக்காளியேதானா, வேறு என்ன சமைப்பாள் என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர், வெள்ளிக்கிழமை விரதத்துக்கு என்ன செய்வாள் என்றார். இன்னொருத்தி, ஈரக் காலோடு உள்ளே விடுவாளா என்றாள். கல்லியோபி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், சொல்லச் சொல்லக் கண்ணில் தாரை தாரையாக வழிந்தது. வெள்ளிக்கிழமை அவரைக்காய், காலைத் துடைக்காமல் விடமாட்டாள், ஒருநாளும் விடமாட்டாள். தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் இறங்கியது.

"என்னடி சொன்ன? எல்லாரும் என்னையே பாக்கறாங்க," என்றான் பந்தெலிஸ். அவனுக்குப் பார்வை திரும்பியிருந்தது.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு சொன்னேன்."

"வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?"

கூட்டம் அந்தக் கதையைக் கரைக்குக் கொண்டுபோனது. மீன் தின்ற கண்ணை ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்தார்கள். பக்கத்துத் தீவுப் படகுக்காரனும் தக்காளிக் கதைக்கு மாறினான். கல்லியோபி எதை மாற்ற மறந்தாளோ அது அப்படியே நின்றது. மூழ்கிவிட்டார் என்று ஆரம்பித்ததால் பந்தெலிஸ் கடைசிவரை காயவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவார் என்று சொன்னதால் வந்தே ஆகவேண்டியதாயிற்று. ஒருமுறை காப்பிக்கடையில் சீட்டாட்டத்தில் பொழுது போனது தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். மூக்கு வழியாகக் கடல் வர ஆரம்பித்ததும், நாங்கள்தான் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அவன் வீட்டு மேஜையில் உட்கார வைத்தோம். திராக்மா போய் யூரோ வந்தது, படகுக்குப் புது இயந்திரம் வந்தது, சோதிரிஸின் மகன் படகெடுத்தான். கல்லியோபி மட்டும் ஒரு சாயங்காலம்கூட அடுப்பை விட்டு விலகவில்லை. அவள் கண்ணில் புரை விழுந்தபோது கப்பலேறிப் பிரேயஸ் நகரத்து மருத்துவமனைக்கு வரச்சொன்னார்கள். ராத்திரி அங்கே தங்கவேண்டும் என்றதும் அவள் போகவில்லை. தினமும் மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்குவாள், தினமும் பொழுது சாய்வதற்குள் வாசலைப் பத்து முறை எட்டிப்பார்ப்பாள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு நெஞ்சுப் படபடப்பு தீரவில்லை.

ஒரு ஜூலைக் காலையில் அவள் கையை நீட்டி விரிப்பைத் தொட்டாள். காய்ந்திருந்தது. தலையணை காய்ந்திருந்தது, அவன் மீசை காய்ந்திருந்தது, கையும் காலும் சூளையில் சுட்ட ஓடு மாதிரி உலர்ந்திருந்தன. அவன் முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பாதிரியார் இந்தமுறை தடுமாறாமல் ஜெபம் சொன்னார், குன்றின்மேல் அடக்கம் செய்தோம், அவித்த கோதுமையைச் சர்க்கரை போட்டுப் பங்கிட்டோம். ஊர்ப் படகுகள் ஓடவில்லை. பக்கத்துத் தீவுப் படகுக்குச் சாவுச் செய்தி தெரியாது. அது மத்தியானம் வழக்கம்போல் கறுப்பு முனைக்கு வந்தது, வழக்கம்போல் கதை சொன்னது, ஜனங்கள் வழக்கம்போல் வெள்ளிக்கிழமைச் சமையலைப் பற்றிக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் கல்லியோபி கறுப்பு உடுப்போடு அடுப்பில் தக்காளி வைத்து மேஜையில் இரண்டு தட்டு போட்டதைப் பார்த்து, எங்களில் சில பெண்கள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தோம். பொழுது சாய்ந்தது. துறைமுகத்துப் பூனைகள் வரிசையாகத் தெருவேறி வந்து அவள் வீட்டு வாசலில் நின்றன. வெள்ளைப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஈரக் காலடி விழுந்தது.

"காலத் துடைச்சிட்டு உள்ள வா," என்று அவள் குரல் கேட்டது. "இன்னிக்குக் கொஞ்சம் அடிப்பிடிச்சிடுச்சு. பேசாமச் சாப்புடணும்."

மறுநாள் காலையில் மெத்தை மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம்.