பச்சை விளக்கும் மூன்று சுற்றும்

கிடார் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. கொண்டுவந்தவர் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கிற பெண்மணி, வீண் குறை சொல்கிற ஆள் இல்லை. கீழே வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது, கழுத்தில் மேலே ஏற ஏறச் சுருதி பிசகுகிறது என்றார். கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"என் கொழுந்தியா பாத்த வேலை மேடம். கை இன்னும் பழகல."

பின்னால் வேலை மேசையில் இருந்த கொழுந்தியாளுக்குக் காது வரை சுட்டது. ஏழு வருடமாகப் பழகாத கையா? இந்தக் கடையில் வேலை நன்றாக அமைந்தால் பெயர் கடைக்கு, சொதப்பினால் பழி அவளுக்கு. அக்கா புருஷன் ஆயிற்றே என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூடியிருக்கவே கூடாது.

கோளாறு கையில் இல்லை, சுருதி காட்டும் ட்யூனரில் இருந்தது. தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் சுரமும், கழுத்தின் பாதியில் உள்ள குறுக்குக் கம்பியான பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும், ஸ்தாயி மட்டும் மாறி, அச்சு அசலாக ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையென்றால் தந்திகள் கீழே வந்து முடியும் பிரிட்ஜில் உள்ள திருகைத் திருப்பித் தந்தியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு திருப்புவது என்று ட்யூனர்தான் சொல்லும். மாமா கொடுத்திருந்தது கிடாரின் தலையைக் கவ்விக்கொள்ளும் குட்டி ட்யூனர். சுருதி கொஞ்சம் கூடினாலும் பச்சை விளக்கு, கொஞ்சம் குறைந்தாலும் பச்சை விளக்கு. மேடை ஏறுமுன் சுருதி சேர்க்க அது தாராளம். இந்த வேலைக்கு அது உதவாது.

வேறு ட்யூனர் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போன விடுமுறை நாளில் ஒரு கிடாரையும் திருப்புளியையும் தூக்கிக்கொண்டு வேறொரு கடைக்கே போய்விட்டாள். அங்கிருந்த ட்யூனர்களின் பெட்டியில் அச்சடித்திருந்த பெருமை எதையும் படிக்கவில்லை. திருகைக் கால் சுற்று திருப்புவாள், தந்தியை மறுபடி சுருதி சேர்ப்பாள், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுவாள், நடந்தது ட்யூனருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பாள். எட்டு ட்யூனர்களில் ஏழுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையில் ஓடும் கோடுகளால் சுருதி காட்டும் ஒரு ஸ்ட்ரோப் ட்யூனரில் மட்டும், அசையாமல் நின்ற கோடுகள் மெல்ல நகர ஆரம்பித்தன. அந்தக் கடைக்காரர் "போதும் தாயே" என்று கையெடுத்துக் கும்பிடும் வரை அவள் விடவில்லை.

எது வேண்டும் என்று வந்து சொன்னாள். மாமா காது கொடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி நிறையக் கவ்வி ட்யூனர்கள் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருந்தன. "நம்ம மேசையிலயே வேற ஒண்ண வெச்சா, இத எவன் வாங்குவான்?"

இப்போது அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள். கிடாரை வாங்கிக் கல்லாவின்மேல் கிடத்தினாள். குட்டி ட்யூனரை அதன் தலையில் கவ்வ விட்டாள்.

"மேடம், இந்த விளக்க மட்டும் பாருங்க."

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாள். பச்சை. திருகை முழுதாக ஒரு சுற்று திருப்பி, தந்தியைச் சுருதி சேர்த்து, மறுபடி அழுத்தி மீட்டினாள். பச்சை. இரண்டாவது சுற்று. பச்சை. மூன்றாவது சுற்று முடிந்தும் விளக்கு அப்படியே பச்சையாக எரிந்தது.

"மூணு சுத்து, மேடம். திருப்பறதுக்கு முன்னாடியும் சேத்து நாலு இடமுமே சரியாம். இதுல எந்த இடத்துல நான் நிறுத்தணும்?"

பெண்மணி விளக்கைப் பார்த்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "போதும். 'சரிபார்க்கப்பட்டது'ன்னு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு."

"போடமாட்டேன்."

"வீட்டுக்கு வந்து உங்கக்காகிட்ட பேசிக்கறேன்."

"தாராளமா பேசுங்க. நான் போன வாரமே பேசிட்டேன்."

பெண்மணி சிரிப்பை அடக்க இருமினார். மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "அப்ப பெட்டியில இருக்கறதெல்லாம் குப்பையா?"

"இல்ல மாமா. வாசிக்கறவங்களுக்கு அது போதும், தாராளமா வில்லுங்க. திருகச் சரிபண்ணப் போதாது. அதுக்கு நான் சொன்னத வாங்குங்க. வர்ற வரைக்கும் இந்தத் திருகுல நான் கை வெக்கமாட்டேன்."

"கிடார் இங்கயே இருக்கட்டும்" என்றார் பெண்மணி, அவளிடம். "அந்த ட்யூனர் வந்ததும் எனக்குச் சொல்லுங்க."

மாமா கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சரி, நாளைக்கே வாங்கித் தொலைக்கறேன். போ, போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. ட்யூனர் கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் தைத்தது ட்யூனர் இல்லை.

"என் கை பழகலன்னு மேடம்கிட்ட சொன்னீங்கல்ல? அது தப்புன்னும் அவங்ககிட்டயே சொல்லுங்க."

மாமா தெருவைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. கடைசியில் சட்டைப் பொத்தானிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல மாமா," என்றாள் அவள். "முன்னாடி சொன்ன சத்தத்துலயே சொல்லுங்க."