ஹெல்மெட் கழற்றும் வரை

பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேஜைமேல் கிடந்த ரிமோட்டை எடுத்து, மேட்ச் ஓடுகிறதே, போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டது ஒப்புக்குத்தான். பதில் வருவதற்குள் டிவி ஓட ஆரம்பித்துவிட்டது. தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற மூத்த மகள் திரையைப் பார்த்தாள். திரையில் மட்டையோடு நின்றவள் அவளுடைய தங்கை.

பெண்களுக்கான சர்வதேச ஒருநாள் போட்டி. தங்கை தொண்ணூற்றொரு ரன்னில் நின்றாள்.

இந்த வீட்டில் இப்போது அப்படி ஒரு தங்கையே கிடையாது. அதாவது இருக்கிறாள், ஆனால் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டு எங்கோ ஹாஸ்டலில் இருக்கிறாள். வந்தவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கோப்பைகளும் போட்டோக்களும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றப்பட்டிருந்தன. மூத்தவளுக்கு முப்பது முடியப்போகிறது. இதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்களும் தங்கையைக் காரணம் காட்டியே கைநழுவிப் போயின. பேன்ட் போட்டுக்கொண்டு ஊர் உலகம் பார்க்க ஓடுகிறவள் கூடப்பிறந்தவள் என்றால், நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு வீட்டார் நேராகவே கேட்டார்கள். இன்னொரு வீட்டார் கேட்கவில்லை. போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஹாஸ்டல் யோசனையைச் சொன்னதே தங்கைதான். போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு மூத்தவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவிடவில்லை.

திரையில் ஓடிய பெயர் பள்ளிக்கூடத்துப் பெயர். வந்தவர்களுக்குத் தெரிந்ததோ வீட்டில் கூப்பிடும் பெயர். முகத்தை ஹெல்மெட் மறைத்திருந்தது. ஆகவே இப்போதைக்குப் பிழைத்தார்கள். ஆனால் சதம் அடித்தால் ஹெல்மெட்டைக் கழற்றி மட்டையைத் தூக்குவாள். அக்காவையும் தங்கையையும் உரித்துவைத்தாற்போல ஒரே முகம். அதே அகல நெற்றி, அதே முன்பல் இடைவெளி. இன்னும் ஒன்பது ரன்தான்.

இன்னொரு கோப்பை எடுக்கும் சாக்கில் மூத்தவள் சமையலறைக்குள் போனாள். அம்மா அணைந்த அடுப்பின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கடவுளே, இவ இப்பவே அவுட்டாயிடணும்."

பெற்ற வாயிலிருந்து வந்த வேண்டுதல் அது. அதைவிட மோசம், அதே வேண்டுதல் தன் மனசிலும் ஓடிக்கொண்டிருந்ததுதான். மருந்துக் கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் தங்கைக்கு நூறு, இருநூறு என்று பந்து வீசிய கை இது. மூத்தவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தட்டோடு அவள் முன்னறைக்குத் திரும்பும்போது சத்தம் எழுந்தது. ஒரு நான்கு. தொண்ணூற்றைந்து.

தலைமையாசிரியர் குஷியாகிவிட்டார். கிரிக்கெட்டில் தனக்குத் தெரியாத கணக்கில்லை என்று நினைப்பவர் அவர்; முகங்கள்தான் அவர் மனசில் நிற்பதில்லை. ஒருநாள் போட்டிகளில் நம் நாட்டுப் பெண் ஒருத்தி ஒரே வருஷத்தில் அடித்த அதிகபட்சச் சதங்கள் ஐந்து என்றும், இந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் இது ஐந்தாவது என்றும், அடித்தால் சாதனையைச் சமன் செய்துவிடுவாள் என்றும் மகனுக்கு விளக்கினார்.

"ஆறாவது" என்றார் மூத்தவளின் அப்பா.

அவருக்கே அது வாயிலிருந்து வந்தது தெரியவில்லை. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். யாராவது ஒரு நிமிஷம் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது.

"சமன் இல்லீங்க, முறியடிச்சிடுவா. மழையில நின்னுபோன ஆட்டம் ஒண்ணு இருக்கு. நூத்திமூணு நாட் அவுட், நூத்திப்பதினோரு பந்து. முடிவு இல்லாத ஆட்டம்னாலும் அடிச்சது அடிச்சதுதானே, கணக்குல சேரும். அத விட்டுட்டீங்க."

பந்துக் கணக்கு வரைக்கும் எப்படித் தெரியும் என்று தலைமையாசிரியர் வியந்து கேட்டார். அப்பாவின் நெற்றியில் வியர்வை. பேப்பரில் படித்ததாக முனகினார்.

இரண்டு ரன். தொண்ணூற்றேழு. அடுத்த பந்தில் ஒன்று. தொண்ணூற்றெட்டு.

"என்னா ஆட்டம். இப்பிடி ஒரு பொண்ணப் பெத்தவங்க கொடுத்துவெச்சவங்க" என்றார் தலைமையாசிரியர், மனசாரவே.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலை குனிந்ததை மூத்தவளால் பார்க்க முடியவில்லை. ஊரே புகழ்கிற பிள்ளையை என் பிள்ளை என்று சொல்ல முடியாமல், திருடியவர்போலத் தன் வீட்டு நாற்காலியிலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். எல்லாம் இவளுக்காக. தட்டை மேஜையில் வைத்தாள்.

"பெத்தவங்க இவங்கதாங்க. அது என் தங்கச்சி. ஹாஸ்டல்னு சொன்னது பொய்."

அடுத்த ஓவரில் தங்கை பந்தை இடைவெளி பார்த்துத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடினாள். ஹெல்மெட் கழன்றது. வியர்வையில் நனைந்த முகம் திரை முழுக்கச் சிரித்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள், மூத்தவளைப் பார்த்தார்கள். புதிய சாதனை என்று வர்ணனையாளர் கத்திக்கொண்டிருந்தார். கைதட்டத் தூக்கிய தலைமையாசிரியரின் கைகள் மெல்ல இறங்கி முழங்காலில் உட்கார்ந்தன.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். நடந்தது நடந்ததாக இருக்கட்டும், கல்யாணத்துக்குள் அவளை இதை விட்டுவிடச் சொல்லுங்கள். முடியாதென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் வரும்போது அவள் வராமல் இருக்கட்டும்.

"நீங்க இப்பத்தான் புகழ்ந்தீங்க" என்று மூத்தவள் தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டாள்.

"டிவியில பாக்கறது வேறம்மா. வீட்டுக்குள்ள வெச்சுக்கறது வேற."

மூத்தவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஆறு மாதமாக இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்க அவள் கடைக்கு வந்தவன். அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என் கல்யாணத்துக்காக அவள ஒரு தடவ ஒளிச்சுவெச்சிட்டோம். அதுவே பெரிய தப்பு. இன்னொரு தடவ முடியாதுங்க. நீங்க கெளம்புங்க."

அம்மா சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் மகளைத் தடுக்க வரவில்லை.

அவர்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே டிவியில் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். திரை தெரியவில்லை.

"எவ்வளவு ஆச்சுங்க?"

பழக்கதோஷத்தில் அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"அது எங்க வீட்டு விஷயங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.