அக்காவின் மஞ்சள் காமாலை

கல் அடைத்து வீங்கிப் போயிருந்த பித்தப்பையை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா நோயாளியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது தூக்க மருந்தோ மயக்க மருந்தோ ஒத்துக்காம போயிருக்கா?"

"யாருக்கும் இல்ல" என்றாள் அவள், கேள்வி முடியுமுன்பே.

"அவங்க வீட்ல எல்லாரும் கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவாங்க டாக்டர். இவதான் அதை வயித்துல சேர்த்து வெச்சுட்டா" என்றான் பக்கத்தில் நின்ற கணவன். நாத்தனார் களுக்கென்று சிரித்தாள்.

நோயாளி மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார்.

"இப்ப சொல்லுங்கம்மா."

பன்னிரண்டு வருடமாகப் பூட்டி வைத்தது மளமளவென்று வந்தது. அக்காவுக்குத் திடீரென்று வயிற்றுவலி. தூங்குவதற்கென்று ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் கைகால் விழுந்து, வாய்க்கு வந்ததைப் பேசி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, மூன்று மாதம் படுக்கை. பைத்தியம் என்று ஊர் பேசியது. அப்போதுதான் இவளுக்கு வரன் கூடியிருந்தது. மஞ்சள் காமாலை என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார் அப்பா.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குத் தயோபென்டோன்தான் போடறதா இருந்தேன். நல்ல மருந்து. எத்தனையோ பேரை அரை நிமிஷத்துல நோகாம தூங்க வெச்சிருக்கு. ஆனா உங்க அக்காவுக்கு வந்தது போர்பிரியான்னு ஒரு பரம்பரைக் கோளாறா இருக்கலாம். அது உங்களுக்கும் இருந்தா, அந்த மாத்திரை மாதிரியே இந்த ஊசியும் உங்களை அப்படிப் படுக்க வெச்சிடும். உயிருக்கே கூட ஆபத்து. வேற மருந்து போடறேன். டெஸ்ட் அப்புறம் பார்த்துக்கலாம்."

"அவர்கிட்ட..."

"நான் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு."

கண் விழித்தபோது வயிறு வலித்தது. அந்த வலி கூட இனித்தது. கைகால் அசைகிறதே! கட்டிலோரம் கணவன். கிடைத்த உயிரைப் பொய்யோடு வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் எழுந்து நின்றான்.

"எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு உயிரையே விட இருந்தியாடி? அவ்வளவு கொடுமைக்காரனா நான்?" சட்டென்று செல்போனில் அவள் அக்காவை அழைத்தான்.

"அண்ணி, நீங்க அன்னிக்குப் பட்டதை இவ கடைசி நேரத்துல டாக்டர்கிட்ட சொல்லப் போய்த்தான் பிழைச்சா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்களும் வந்து டெஸ்ட் பண்ணிக்கணுமாம்."

அந்த நோய்க்காக அக்காவைத் திட்டியவர்கள் உண்டு, பரிதாபப்பட்டவர்கள் உண்டு. நன்றி சொன்னவர் இதுவரை யாருமில்லை. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவகிட்ட குடுங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா கடைசியில். "கடைசி நேரம் வரைக்கும் வாயைத் திறக்காததுக்கு நாலு திட்டு திட்டணும்."