முதுகுக்குப் பின்னால் கடல்

அருந்தவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும், காரில் ஏறும் முன்பே வைதேகி அவனைத் திருப்பி அனுப்பினாள்.

"ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா காயாது, கல்லு மாதிரி கனக்கும். கம்பளி சாக்ஸ் இருக்கா?"

"அக்கா, அப்பான்ர சாம்பல் கரைக்கப் போறம். எவரெஸ்ட் ஏறப் போகேல்ல."

"எவரெஸ்ட்ல அலை வராது. போய் மாத்திட்டு வாங்க."

அவன் மனைவி தர்சினி ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் சொன்னா ஆயிரம் கதை சொல்லுவார். நீங்கள் சொன்னா ஓடுறார் பாருங்கோ."

புலம்பெயர்ந்து வந்த ஊரான நோபல் பார்க்கில் ஒரே வளவுக்குள் முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு வீடுகளில் முன்வீடு அருந்தவன் குடும்பத்துடையது, பின்வீடு வைதேகியுடையது. நகரின் மறுகோடியில், வெரிபீயில் இருந்த பெரிய வீட்டை விற்றுவிட்டு வைதேகி பின்வீட்டுக்குத் தனியாக வந்தபோது அவளோடு முதலில் பேசியவர் அருந்தவனின் அப்பா. பருத்தித்துறைக்காரர். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பிள்ளை, இஞ்ச கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். வளைகுடாவை ஒருமுறை காட்டிக் கூட்டிவந்தார்கள். திரும்பி வந்தவர், "அது குளம். நாலு வாத்து நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குளிர் தொடங்கிய மாதத்தில் ஒரு காலை அந்தக் கதிரையிலேயே போய்விட்டார்.

சாம்பலை அந்தக் குளத்தில் கரைக்க அருந்தவனுக்கு மனம் வரவில்லை. அலை அடிக்கிற கடலில்தான் கரைக்க வேண்டும் என்றான். ஐயர் சொன்ன முறையையும் வைதேகியிடம் சொன்னான். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பானையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட வேண்டும்.

வைதேகி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் அவள் கணவர் பாலகிருஷ்ணன் திருச்சியிலிருந்து தன் அம்மாவின் அஸ்தியில் ஒரு பங்கைக் கொண்டுவந்திருந்தார். அதே முறைதான். கருநீல ஜாக்கெட்டும் காலில் செருப்புமாகக் கடலுக்கு முதுகைக் காட்டினார், எறிந்தார், நடந்தார். பக்கத்தில் அவளும் நடந்தாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த கடல் திடீரென்று ஓசையில்லாமல் போனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையைச் செருமிக்கொள்வது அவர் வழக்கம். மேடையில் பேசப்போகிறவரைப் போல, "க்கும்" என்று. அந்தச் செருமல்தான் கடைசி. பின்னாலிருந்து வந்த அலை இருவரையும் தூக்கியது. அவளை மட்டும் கடல்பாசிக் குவியலில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனது. அவரைத் தரவேயில்லை.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்றார்கள். "செத்ததை யார் பார்த்தது?" என்று வைதேகி கேட்டாள். அதன்பிறகு யாரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பயந்து ஒதுங்குவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ அந்தக் கரைக்கே போய்ப் போய் வந்தாள். எந்தக் காற்றில் போகலாம், கடல் வற்றும் நேரம் எது, எந்தப் பாறை வழுக்கும், சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஏன் உட்காரக் கூடாது, எல்லாம் கற்றுக்கொண்டாள். அதில் ஒரு சுகம்கூட வந்துவிட்டது. புயலுக்கு மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பஞ்சுகள், கணவாய் ஓடுகள், பாறையில் சிறகை விரித்துக் காயப்போட்டு நிற்கும் நீர்க்காகங்கள், விரல் விறைக்கிற குளிரில் தொண்டைக்குள் இறங்கும் சூடான சுக்குக் காப்பி. கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அவள் முதல் விதி. படிக்கட்டு வரை பின்பக்கமாகவே நடப்பாள். பார்க்கிறவர்களிடம் பாதுகாப்புக்காக என்று சொல்வாள். அவர் கரையேறி வரும்போது தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

தான் போகாவிட்டால் அருந்தவன் ஐயர் சொன்னபடியே செய்வான். ஆகவே கிளம்பினாள். அலை தணிந்து, வடக்கிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிற ஒரு நாளாகப் பார்த்து, வற்றும் நேரத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள்.

குன்றின் உச்சியில் காரை நிறுத்தியபோது மேகம் தாழ இறங்கியிருந்தது. வேறு கார் எதுவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி சாம்பல் கரைக்கும் இடத்துக்கு வரக் கூடாது என்று தர்சினியின் அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்ததால், அவள் மேலே, கடலைப் பார்க்கிற மரத்தளத்திலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அருந்தவன் பானையை எடுத்துக்கொண்டு நேராகப் படிக்கட்டுக்குப் போனான். டான்டெனாங் கடையில் வாங்கிய பொங்கல் பானை. கழுத்தில் மஞ்சள் கொத்துப் படம்கூட இருந்தது.

"நில்லுங்க. முதல்ல கொஞ்ச நேரம் பார்க்கணும்."

"எதை?"

"கடலை. நல்ல பிள்ளை மாதிரிச் சின்னச் சின்ன அலையா விடும். அப்புறம் பெரிசா ரெண்டு மூணு சேர்ந்து வரும். அந்தப் பெரிசு எதுவரை ஏறுதுன்னு பார்க்காம இறங்கக் கூடாது."

"என்ர மாமியும் இப்பிடித்தான் அக்கா. சின்னச் சின்னதாச் சொல்லிக்கொண்டே இருப்பா. பிறகு..."

"தவன்!" என்றாள் தர்சினி.

வைதேகி சிரிக்கவில்லை. கீழே மணல் ஈரமாகக் கறுத்திருந்த எல்லையை விரலால் காட்டினாள். "அந்தக் கறுப்புக்கு இந்தப் பக்கம்தான் நாம."

"அப்பாவெண்டா இடுப்பளவு தண்ணியில நிண்டுதான் வலை எறிவார்."

"அப்பாவுக்கு அந்தக் கடலைத் தெரியும். உங்களுக்கு இந்தக் கடலைத் தெரியாது. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கப் போகுது."

அவன் பானையை மார்போடு அணைத்துக்கொண்டான். தர்சினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரிலிருந்து மாற்றுத் துணிப் பையையும் காப்பிக் குடுவையையும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கீழே இறங்க இறங்கக் குளிர் வேறு மாதிரி ஆனது. காற்றுக்குக் குன்று மறைப்பாக நிற்க, உப்பும் அழுகிய பாசியுமாக ஒரு வாடை அசையாமல் நின்றது. அவிழ்ந்த கூந்தலைப் போல நீளநீளமாகக் கடல்பாசி கரையெங்கும் கிடந்தது. அருந்தவன் அதன்மேல் கால் படாமல் தாண்டித் தாண்டி நடந்தான்.

"அக்கா, உங்கட ஆள் இஞ்சதானே..."

"ஆமா. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம்."

"இதே இடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்ச கடல் இது ஒண்ணுதான்."

கறுத்த எல்லைக்கு இப்பால் அவனை நிறுத்தினாள். நுரை நாக்குகள் சற்றுத் தள்ளி வந்து நின்று, மணலைச் சுரண்டிக்கொண்டு திரும்பின. பெரிய அலைகள் வந்து போகும்வரை காத்திருந்து, அவற்றுக்குப் பின்னாலேயே கணுக்கால் நனையும் அளவுக்கு இருவரும் முன்னே போனார்கள்.

"இப்ப கேளுங்க. நீங்க திரும்பிப் பார்க்க வேண்டாம். ஐயர் சொன்ன மாதிரியே செய்யுங்க. உங்களுக்குப் பதிலா நான் கடலைப் பார்க்கிறேன். ஓடுன்னு சொன்னா படிக்கட்டைப் பார்த்து ஓடணும். பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க."

"நீங்கள்?"

"நான் பின்பக்கமா வருவேன். பழகிப்போச்சு."

அவன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் அவனுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நின்றாள். இருவரின் தோள்களும் உரசின. "அப்பா, உங்கட கடல்" என்று அவன் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு பானை தோளுக்கு மேலே போனது. காற்று சாம்பலை வாங்கி வெளியே விரித்துப் போட்டது. பானை ஒருமுறை முங்கி எழுந்து, மஞ்சள் கொத்துத் தெரிய ஆடிக்கொண்டு போனது.

"நடங்க" என்றாள்.

அவன் காலடிகள் மணலில் போவதைக் கேட்டபடி அவளும் பின்பக்கமாக அடியெடுத்து வைத்தாள். அப்போதுதான் கடல் ஓசையில்லாமல் போனது.

மெதுவாகக் குறையவில்லை. நின்றது. நுரை இருந்த இடத்திலேயே கரைந்தது. தண்ணீர் அவள் காலடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு பின்வாங்கியது. இவ்வளவு தூரம் பின்வாங்கி அவள் பார்த்ததில்லை. பானை சாய்ந்த தரையில் உருண்டு நின்றது. அதற்கு அப்பால், மார்பளவு தண்ணீரில், கருநீல ஜாக்கெட் போட்ட ஒருவர் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

வைதேகிக்குப் பயம் வரவில்லை. ரயில் தாமதமாகி, கடைசியில் வந்து இறங்கியவரைப் பார்ப்பதுபோல இருந்தது. பின்னால் வைக்க வேண்டிய காலை முன்னால் வைத்தாள். இன்னொரு அடியும் வைத்தாள்.

இடது காதுக்குப் பக்கத்தில், தோளைத் தொடும் தூரத்தில், "க்கும்" என்று கேட்டது.

தண்ணீரில் நின்றவர் அசையவில்லை. அவருக்குப் பின்னால் கருநீலமாக ஒரு கோடு எழுந்துகொண்டிருந்தது. எது ஜாக்கெட், எது தண்ணீர் என்று பிரிக்க முடியாமல் அது அவரை மூடிக்கொண்டு உயர்ந்தது.

"ஓடு!" என்று கத்தினாள். "தவன், ஓடு!"

அவன் ஓடும் சத்தம் கேட்டது. அவளால் பின்பக்கமாக வேகமாகப் போக முடியவில்லை. குதிகால் பாசியில் சிக்கியது. அலை அவள் தொடையில் அடித்து, உட்காரவைத்து, இழுக்கத் தொடங்கியது. வாய்க்குள் உப்பும் மணலும். கையில் அகப்பட்டதெல்லாம் பாசி, பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. போகிறோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வருத்தம் இல்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

யாரோ அவள் ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்தார்கள்.

"காலை ஊண்டுங்கோ! ஊண்டுங்கோ அக்கா!"

அருந்தவன்தான். முழங்கால் வரை தண்ணீரில், குதிகாலை மணலில் குத்தி, வலை இழுக்கிறவனைப் போலச் சாய்ந்து நின்றான். அலை திரும்பிப் போனதும் அவளைக் கறுப்பு எல்லையைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டான். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"திரும்பிட்டீங்களே" என்றாள் வைதேகி. பற்கள் அடித்துக்கொண்டன. "திரும்பக் கூடாதுன்னு..."

"அப்பா கடலில எத்தினை பேரை இழுத்து எடுத்தவர் தெரியுமோ? நான் திரும்பாமப் போயிருந்தாத்தான் அந்த மனுசன் கோவிச்சிருக்கும்." குனிந்து தன் காலைப் பார்த்தான். "ஜீன்ஸ் எண்டா இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் முடிஞ்சம்."

அவள் எழுந்து நின்றதும் வழக்கம்போல முகம் கடலுக்குத் திரும்பியது. கடல் பழையபடி இரைந்துகொண்டிருந்தது. பானையும் இல்லை, யாரும் இல்லை. அவள் பின்பக்கமாக ஒரு அடி வைத்தாள்.

அருந்தவன் அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துப் படிக்கட்டைப் பார்க்கத் திருப்பினான்.

"உப்பிடி நடந்துதானே விழுந்தனீங்கள். போங்கோ. முன்னுக்குப் பாத்து நடவுங்கோ. இப்ப நான் கடலைப் பாக்கிறன். ஏதும் வந்தாச் சொல்லுறன்."

"அவர் வந்தா..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

அவன் அவளுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டான்.

வைதேகி நடந்தாள். இரண்டு வருடமாக அவள் முதுகு பார்க்காத கடல் முதுகுக்கு வந்து சேர்ந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ உள்ளங்கையை வைத்ததுபோல ஒரு குளிர். ஈரச் செருப்பு சப்சப்பென்று மணலில் ஒட்டி எழுகிற சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது. அவள் காலில் பூட்ஸ் இருந்தது. அருந்தவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவள் நின்றால் அந்தச் சத்தமும் நின்றது. நடந்தால் நடந்தது.

முதல் படியில் கால் வைத்தாள்.

"க்கும்" என்றது பின்னால்.

அடுத்து ஏதோ சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. கைப்பிடிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டை உப்பில் ஊறி வழவழவென்று இருந்தது.

"சாம்பல்னு எங்கிட்ட எதுவும் இல்லை" என்று கடலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து, சாதாரணமாகப் பேசுவதுபோலச் சொன்னாள். "எறியறதுக்கும் ஒண்ணும் இல்லை. நான் திரும்பிப் பார்க்காமப் போறேன், அவ்வளவுதான் என்னால முடியும்."

ஏறினாள். ஈரச் செருப்பின் சத்தம் படியேறவில்லை.

மேலே வந்தபோது தர்சினி குடுவையைத் திறந்து வைத்துக்கொண்டு, துண்டும் காய்ந்த துணியுமாக அழுதுகொண்டே காத்திருந்தாள். ஈர ஜாக்கெட்டைக் கழற்றி, கம்பளியைச் சுற்றி, விறைத்த விரல்களுக்குள் மூடிக்கோப்பையைத் திணித்தாள். சுக்கு தொண்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

"எல்லாத்தையும் மேல இருந்து பாத்தனான் அக்கா. செத்துப்போனன். அவர் இன்னும் ஏன் அங்க நிக்கிறார்? வரச் சொல்லுங்கோ..." என்று சொல்லிக்கொண்டே வைதேகியின் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தவள், பேச்சை நிறுத்தினாள். அவள் புருவம் சுருங்கியது.

"அக்கா, தவன் கடலைப் பாத்து ஆருக்குக் கைகாட்டுறார்?"

வைதேகி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே கார் இருந்தது. காருக்கு அப்பால் நோபல் பார்க்குக்குப் போகிற தார்ச்சாலை காலையில் பெய்த மழையில் கறுத்துக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள்.