நாற்பத்தோராவது ஆள்

"கழட்டிக் குடு" என்று அம்மா கையை நீட்டினாள்.

சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். காதில் மாட்டியிருந்த அந்தக் கேட்கும் கருவி இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சு என்பது வெறும் வாயசைப்புதான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம்டி. இதப் பாத்தா அக்காவ யாரு கட்டுவா? என்ன சொன்னாலும் சிரிச்சுத் தலையாட்டு, போதும்."

கருவி பீரோவுக்குள் போனது. முடியை இழுத்துக் காதை மறைத்து ஹேர்பின் குத்தினாள் அம்மா.

சிரித்துத் தலையாட்டுகிற அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு வருஷமாகத் தலைகீழாக நின்றிருந்தாள். வாரம் ஒரு புது ஆளிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "எனக்குக் காது சரியா கேக்காது, என்னைப் பார்த்துப் பேசுங்க." முதல் வாரம் மருந்துக்கடைக்காரரிடம் போய், நாக்கு ஒட்டிக்கொள்ள அழுதபடி ஓடி வந்தவள்தான் இவள். இப்போது நோட்டில் நாற்பது பேர்.

கூடத்தில் மாப்பிள்ளையின் தாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துத் துடைத்து ஏதோ சொன்னாள். உதடே தெரியவில்லை. சின்னவள் சிரித்தாள், தலையாட்டினாள்.

போன வருஷம் செத்துப்போன தன் மகளைப் பற்றித்தான் மாப்பிள்ளையின் தாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோர் முகமும் மாறியது. அம்மா முந்திக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க. இவளுக்குக் கொஞ்சம் திமிரு."

பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய அம்மாவின் உதடுகள். சின்னவளுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. காது கேட்காது என்று சொல்வதைவிடத் திமிர் பிடித்தவள் என்று சொல்வது பெற்றவளுக்கே சுலபமாக இருந்திருக்கிறது!

எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். கருவியை மாட்டி, பின்னைப் பிடுங்கிப் போட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து மாப்பிள்ளையின் தாய்க்கு எதிரில் நின்றாள்.

"எனக்குக் காது சரியா கேக்காது, என்னைப் பார்த்துப் பேசுங்க. நீங்க சொன்னது தெரியாம சிரிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

மாப்பிள்ளையின் தாய் இவளைப் பார்க்கவில்லை. கேட்காத காதுக்கு முன்னால் குரலைத் தாழ்த்துவானேன் என்று நினைத்தாளோ என்னவோ, அம்மாவிடம் சத்தமாகவே கேட்டாள்: "பெரியவளும் இப்படித்தானா?"

"அவளுக்கு நல்லாவே கேக்கும்" என்றாள் சின்னவள். "இப்ப நீங்க சொன்னதும் கேட்டிருக்கும்."

உள்ளறை வாசலில் நின்றிருந்த அக்கா கூடத்துக்கு வந்தாள். வந்தவர்கள் இன்னும் குடித்து முடிக்காத கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.